டாப் வேரியன்ட் வாங்கினால் இடுப்பு வலி போகுமா?

கேள்வி: எனக்கு 47 வயது, உயரம் 5 அடி 11 அங்குலம். வீடு திருநெல்வேலி, வேலை கோவில்பட்டி. போக வர தினமும் நூறு கிலோமீட்டருக்கு மேல் நானே ஓட்டுகிறேன். கீழ் முதுகில் எல்4-எல்5 முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க்கில் லேசான பிதுக்கம் இருக்கிறது. ஆபரேஷன் வேண்டாம், நடையும் பயிற்சியும் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பழைய சின்ன காரை விற்றுவிட்டு ஒரு பிரீமியம் ஹாட்ச்பேக் வாங்க நினைக்கிறேன். நடு வேரியன்ட் 9.65 லட்சம், டாப் 10.95 லட்சம், இரண்டும் சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத எக்ஸ்-ஷோரூம் விலை. டாப்பை டெஸ்ட் டிரைவ் எடுத்தபோது அரை மணி நேரத்தில் இடுப்பும் வலது பக்கப் பிட்டமும் வலிக்கத் தொடங்கிவிட்டன. ஷோரூமில் நின்ற நடு வேரியன்ட்டில் உட்கார்ந்தேன்; துணி சீட், மெத்தென்று சுகமாக இருந்தது. விற்பனையாளர், "டாப்பில்தான் சார் பிரீமியம் சீட், போகப் போகப் பழகிவிடும்" என்கிறார். ஆக்சஸரீஸ் கடைக்காரர், நடு வேரியன்ட்டை எடுத்து நல்ல ஃபோம் கவர் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். என் மனைவியும் ஓட்டுவார், அவர் உயரம் 5 அடி. நான் எதை வாங்குவது? கார் பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்: பெயர் வெளியிடவில்லை. நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலையும் வசதிப் பட்டியலையும் வரி வரியாகப் பார்த்துவிட்டேன். கார் சீட் தயாரிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் வசதி என்று சொன்ன சீட்டும், வலி என்று சொன்ன சீட்டும், மேல் உறையைக் கழற்றினால் அநேகமாக ஒரே சீட்.

ஒரு மாடலுக்கு சீட் வடிவமைக்கும்போது இரும்புச் சட்டம், அது முன்னும் பின்னும் நகரும் ரெயில், அச்சில் வார்த்தெடுக்கும் பாலியூரித்தேன் ஃபோம் ஆகிய மூன்றுக்கும்தான் பெரிய செலவு. விபத்துச் சோதனையும் அந்தச் சட்டத்தை வைத்துத்தான் நடக்கும். அதனால் ஒரே எலும்புக்கூட்டை பேஸ் முதல் டாப் வரை ஓட்டிவிட்டு, போர்த்துகிற துணியையும் பக்கவாட்டில் மாட்டுகிற லிவரையும் மட்டும் மாற்றுவார்கள். மோட்டாரில் நகரும் சீட், காற்று வீசும் சீட் போன்றவற்றுக்குச் சட்டமோ ஃபோமோ மாறலாம். உங்கள் பட்டியலில் அந்த இரண்டும் இல்லை. "பிரீமியம் சீட்" என்று அவர் சொன்னது தையலையும் லெதரெட் உறையையும்தான்.

அப்படியானால் ஒன்றில் வலித்து, இன்னொன்றில் ஏன் வலிக்கவில்லை? நின்றுகொண்டிருந்த காரில் சில நிமிடம் உட்கார்ந்ததையும், ஓடுகிற காரில் அரை மணி நேரம் உட்கார்ந்ததையும் நீங்கள் ஒப்பிட்டிருக்கிறீர்கள். டெஸ்ட் டிரைவுக்கு டாப் வேரியன்ட்டையே வைத்திருப்பது பெரும்பாலான ஷோரூம்களின் வழக்கம். நடு வேரியன்ட் கண்ணாடி அறைக்குள் ஏசியில் நிற்கும். முதல் ஐந்து நிமிடத்தில் எந்த மெத்தென்ற சீட்டும் நல்ல சீட்தான். நேரம் ஆக ஆக ஃபோம் அமுங்கி, பிட்டத்து எலும்பு முனைகள் இரண்டும் அடித்தளத்தைத் தேடி இறங்கும்போதுதான் அதன் உண்மையான குணம் தெரியும். முதலில் கெட்டியாகத் தோன்றும் சீட் இரண்டு மணி நேரம் கழித்தும் உடம்பைத் தாங்கி நிற்பதும், சோபா மாதிரி அமுங்கிய சீட் உங்கள் வழியில் இருக்கும் கயத்தாறு தாண்டுவதற்குள் கைவிடுவதும் எங்கள் தொழிலில் யாருக்கும் புதிதல்ல.

உறைக்கும் ஒரு பங்கு உண்டு. லெதரெட் என்று பெயர் மாறினாலும் அது ரெக்ஸின் வகைதான். துணி அளவுக்கு நெகிழாது. இழுத்துத் தைத்த ரெக்ஸினின் மேல் உட்கார்ந்தால் உடம்பு ஃபோமுக்குள் முழுதாக இறங்காமல் மேலேயே நிற்கும். பாரம் சில இடங்களில் குவியும். துணி விட்டுக்கொடுக்கும், வியர்வையையும் கொஞ்சம் உறிஞ்சும். திருநெல்வேலி வெயிலில் மதியம் முழுக்க நின்ற காரில் லெதரெட் சீட்டில் சட்டை ஒட்டிக்கொள்வதை நான் சொல்ல வேண்டியதில்லை. துடைக்க எளிது, பார்க்க அழகு என்பதைத் தவிர உங்கள் இடுப்புக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

மூன்றாவது காரணத்தை ஷோரூமில் யாரும் சொல்ல மாட்டார்கள். பட்டியலில் டயர் அளவைப் பாருங்கள். நடு வேரியன்ட்டுக்கு 185/65 ஆர்15, டாப்புக்கு 195/55 ஆர்16. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கணக்குப் போட்டால் நடு வேரியன்ட்டின் டயர்ச் சுவர் 120 மி.மீ., டாப்பில் 107 மி.மீ. அழகான பெரிய அலாய் வீலுக்காக 13 மி.மீ. ரப்பரையும் காற்றையும் விட்டுக்கொடுக்கிறீர்கள். சின்னச் சின்னப் பள்ளம், பாலத்து இணைப்பு, வேகத்தடைக் கோடுகள் எல்லாம் முதலில் அடங்க வேண்டிய இடம் அந்தச் சுவர்தான். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு, வினாடிக்கு நான்கு முதல் ஆறு முறை வருகிற மேல்-கீழ் அதிர்வுக்குத்தான் அதிகமாக ஆடும். சாதாரண ஃபோம் சீட்டும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் அதிர்வைக் குறைக்காமல் கூட்டிவிடும். ஏற்கெனவே பிதுங்கிய டிஸ்க்கோடு தினமும் ஓட்டுகிறவருக்கு, டாப் வேரியன்ட் என்பது சில சமயம் காசு கொடுத்து வாங்கும் குலுக்கல். டெஸ்ட் டிரைவ் வண்டியில் டயர் காற்று எவ்வளவு இருந்தது என்றும் கேட்டுப் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் அளவைவிட அதிகம் அடித்திருந்தால் அன்று கிடைத்த வலியில் அதற்கும் பங்கு இருக்கும்.

இன்னொரு கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். வலது பக்கப் பிட்டம் மட்டும் ஏன்? பேன்ட்டின் வலது பின்பாக்கெட்டில் பர்ஸ் வைத்துக்கொண்டா ஓட்டினீர்கள்? ஏ.டி.எம். கார்டு, ஓட்டுநர் உரிமம், பில்கள் என்று தடித்த பர்ஸ் ஒரு பக்க இடுப்பைத் தூக்கி, காலுக்கு இறங்கும் நரம்பின் பாதையில் அழுத்தும். பர்ஸ் இல்லை என்றால், அடுத்த முறை உட்கார்ந்ததும் ஸ்டீயரிங்கின் நடுவுக்கு நேர் கீழே பிரேக் பெடல் எங்கே இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். வலது பக்க ஓட்டு கார்களில், குறிப்பாகச் சின்ன கார்களில், முன்சக்கரத்தின் வளைவு காலடிக்குள் துருத்திக்கொண்டு பெடல்களை இடப்பக்கம் தள்ளிவிடும். உடம்பு நேராக, கால்கள் சாய்வாக, ஒரு பிட்டம் மட்டும் பாரம் தாங்கும். பேஸ் எடுத்தாலும் டாப் எடுத்தாலும் இது மாறாது. பெடல் கோணல்தான் காரணம் என்றால் வேரியன்ட் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு வேறு கார் பாருங்கள்.

இனி வேரியன்ட்டுக்கு வேரியன்ட் உண்மையாகவே மாறுகிற விஷயங்கள். உங்கள் உயரத்துக்கு என்னைக் கேட்டால் முதலிடம் முன்னும் பின்னும் இழுக்கிற ஸ்டீயரிங்குக்கு. டெலஸ்கோப்பிக் என்று பட்டியலில் இருக்கும். டில்ட் மட்டும் என்று போட்டிருந்தால் மேலும் கீழும்தான் ஆடும். நீளக் கால்காரர் கிளட்ச்சுக்குக் கால் நீட்ட சீட்டைப் பின்னால் தள்ளுவார். ஸ்டீயரிங் இருந்த இடத்திலேயே நிற்கும். கை எட்டாததால் முதுகை சாய்மானத்திலிருந்து எடுத்து முன்னால் வளைவார். சாய்மானம் எவ்வளவு அருமையாக வடிவமைக்கப்பட்டிருந்தாலும் முதுகு அதன் மேல் இல்லாவிட்டால் என்ன பயன்? ஸ்வீடனில் 1970-களில் குன்னார் ஆண்டர்சன் குழுவினர் டிஸ்க்குக்குள் அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். சாய்மானம் பின்னுக்குச் சாயச் சாய, இடுப்பு வளைவுக்குத் தாங்கல் கொடுக்கக் கொடுக்க அழுத்தம் குறைந்தது. முதுகைச் சாய்மானத்தில் வைத்தபடியே ஸ்டீயரிங்கை முழங்கை சற்று மடங்கிய நிலையில் பிடிக்க முடிகிறதா என்பதுதான் உங்களுக்கான முதல் பரீட்சை. ஆடிக் காற்றில் கயத்தாறு காற்றாலைகள் பக்கம் வண்டி ஆடும்போது ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிப்பீர்களே, அப்போது இது இன்னும் நன்றாகப் புரியும்.

அடுத்தது சீட்டை உயர்த்துகிற லிவர். ஹாட்ச்பேக்கில் சீட் தாழ்ந்திருக்கும். உயரமானவருக்கு முழங்கால் இடுப்பைவிட மேலே போய்விடும். இடுப்பெலும்பு பின்பக்கம் உருண்டு, கீழ் முதுகின் இயல்பான உள்வளைவு தட்டையாகிவிடும். தொடை குஷனைத் தொடாமல் நிற்கும், மொத்தப் பாரமும் அந்த இரண்டு எலும்பு முனைகளில். சீட்டைக் கொஞ்சம் உயர்த்தினால் முழங்கால் இறங்கி, தொடை குஷனில் படும். "நான்தான் உயரமாச்சே, எனக்கு எதற்கு ஹைட் அட்ஜஸ்ட்" என்று பலர் கேட்பார்கள். உயரமானவருக்கும் அது வேண்டும். ஒரு சிக்கலை மட்டும் கவனியுங்கள். பல கார்களில் லிவரை இழுத்தால் குஷனின் பின்பக்கம்தான் அதிகம் உயரும், முன்விளிம்பு அவ்வளவாக ஏறாது. அப்படி இருந்தால் மேலே ஏற்ற ஏற்ற முன்னால் சரிகிற மாதிரி இருக்கும், தொடைக்கு இருந்த தாங்கலும் குறையும். இரண்டு மூன்று நிலைகளில் வைத்து உட்கார்ந்து பாருங்கள்.

இதில் சன்ரூஃப் வேறு குறுக்கே வரும். உங்கள் டாப் வேரியன்ட்டில் சன்ரூஃப் இருக்கிறது. அதன் சட்டமும் திரையும் கூரையின் உள்பக்கத்தில் இடம் பிடிக்கும். உங்கள் உயரத்துக்குத் தலை இடிக்கிறது என்று சீட்டைத் தாழ்த்துவீர்கள். தாழ்த்தினால் மேலே சொன்ன அத்தனையும் திரும்ப வரும். டெஸ்ட் டிரைவில் சீட் கடைசி வரை கீழே இறக்கியிருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

இங்கே ஒரு சின்னப் புலம்பல். 1960-களின் நடுவிலேயே வால்வோ தன் அமேசான் காரில் இடுப்புத் தாங்கலைக் கூட்டிக் குறைக்கும் வசதியைக் கொடுத்துவிட்டது. இன்று நம் ஊரில் பத்து லட்ச ரூபாய்க் காரில் கூரையில் கண்ணாடி கிடைக்கிறது, பெரிய திரை கிடைக்கிறது, பேசினால் பதில் சொல்லும் குரல் கிடைக்கிறது. முதுகுக்குப் பின்னால் ஒரு திருகு கிடைப்பது அபூர்வம். கம்பெனிகளை மட்டும் குறை சொல்ல முடியாது. ஷோரூமில் சன்ரூஃப் இருக்கிறதா என்று கேட்கிற நூறு பேரில் லம்பார் சப்போர்ட் பற்றிக் கேட்பவர் எத்தனை பேர்?

கூட்டிக் குறைக்க முடியாத தாங்கலில் மேடு எங்கே படுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். சராசரி உயரத்துக்கு வைத்த மேடு உங்களுக்கு இடுப்பெலும்பில் போய் முட்டலாம், உங்கள் மனைவிக்கு விலாவுக்குக் கீழே குத்தலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு செலவும் இல்லை. அடுத்த டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு தேங்காய்ப்பூத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிட்டத்தைச் சாய்மானத்தின் அடிவரை தள்ளி உட்கார்ந்து, துண்டை உருட்டி பெல்ட்டுக்குச் சற்று மேலே வையுங்கள். சாய்மானத்தைச் செங்குத்திலிருந்து நன்றாகத் தெரியும்படி சாய்த்து, குஷனுக்கும் அதற்கும் இடையிலான கோணத்தை 100 முதல் 110 டிகிரிக்குள் நிறுத்துங்கள். முழங்காலின் பின்புறத்துக்கும் குஷனின் முன்விளிம்புக்கும் இடையே எத்தனை விரல் போகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று விரல் என்றால் பிரமாதம். ஒரு கை முழுதாகப் போகிறது என்றால் குஷன் உங்களுக்குக் குட்டை. நம் ஊர் ஹாட்ச்பேக்குகளில் பின்சீட்டில் கால் இடம் காட்டி விற்க வேண்டியிருப்பதால் முன்சீட் குஷனைக் குறைத்துவிடுகிறார்கள். உயரமானவர்கள் தொடைதான் அதற்கு விலை கொடுக்கிறது.

இந்த நிலையில் கங்கைகொண்டான் வரையாவது ஓட்டிப் போய்த் திரும்புங்கள். துண்டு வைத்ததும் வலி பாதியாகக் குறைந்தால், உங்கள் குறை இடுப்புத் தாங்கலில். சில நூறு ரூபாய்க்கு, பட்டை வைத்துச் சாய்மானத்தோடு கட்டக்கூடிய லம்பார் குஷன் வாங்கினால் தீரும் விஷயத்துக்கு லட்சத்தைச் செலவழிக்காதீர்கள். துண்டு வைத்தும் பிட்டமும் தொடையும் வலித்தால், குஷனின் நீளமும் உயரமும்தான் காரணம். உயர லிவர் உள்ள வேரியன்ட் ஓரளவு உதவும், நீளத்தை எந்த வேரியன்ட்டும் கூட்டாது.

பழைய காரை இன்னும் விற்கவில்லை என்று தெரிகிறது. நல்லதாகப் போயிற்று. அதில் இத்தனை வருடம் தாக்குப்பிடித்திருக்கிறீர்கள். டேப் எடுத்து மூன்று அளவு எடுங்கள்: உட்கார்ந்து ஓட்டும் நிலையில் குஷன் முன்விளிம்பு காரின் உள்தரையிலிருந்து எவ்வளவு உயரம், சாய்மானத்திலிருந்து முன்விளிம்பு வரை எவ்வளவு, சாய்மானத்திலிருந்து ஸ்டீயரிங்கின் நடு வரை எவ்வளவு. புதிய காரில் இதே மூன்றையும் அளந்து பாருங்கள். சேல்ஸ் பையன் சிரிப்பான், சிரிக்கட்டும்.

இப்போது பணம். 9.65-க்கும் 10.95-க்கும் வித்தியாசம் 1.30 லட்சம் என்று நினைக்கிறீர்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாறிய வாழ்நாள் சாலை வரிப்படி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். பட்டியல் விலையை வைத்துத் தோராயமாகப் போட்டால் நடு வேரியன்ட்டுக்கு வரி சுமார் 1.25 லட்சம், டாப்புக்கு 1.97 லட்சம். வரியிலேயே எழுபதாயிரத்துக்கு மேல் கூடுகிறது. ஆக உங்கள் உண்மையான வித்தியாசம் இரண்டு லட்சத்தைத் தொடுகிறது, இன்சூரன்ஸ் தனி. இதற்கு ஈடாக உங்கள் முதுகுக்குக் கிடைப்பது உயர லிவரும் இழுக்கிற ஸ்டீயரிங்கும். குறைகிறது டயர்ச் சுவரும் தலைக்கு மேல் இடமும்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் இரண்டுக்கும் நடுவே இன்னொரு வேரியன்ட் இருக்கிறது; அதை இடை வேரியன்ட் என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விலை 9.98 லட்சம். பத்து லட்சத்துக்கு இரண்டாயிரம் குறைவாக வைத்திருப்பது தற்செயல் இல்லை. துணி சீட், உயர லிவர், டெலஸ்கோப்பிக் ஸ்டீயரிங், தனியாக உயர்த்தும் ஹெட்ரெஸ்ட், 15 அங்குல டயர், சன்ரூஃப் கிடையாது. விற்பனையாளர் இதைக் காட்டாததற்குக் காரணம் கையில் ஸ்டாக் இல்லாததாக இருக்கலாம். நடு வேரியன்ட்டோடு ஒப்பிட்டால் வரியையும் சேர்த்து நாற்பதாயிரத்துக்குள் முடிகிறது. இந்தக் காரையே வாங்குவதென்று முடிவு செய்தால், என் ஓட்டு இதற்குத்தான். காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள்.

ஹெட்ரெஸ்ட் பற்றி ஒரு வரி. நடு வேரியன்ட்டில் அது சாய்மானத்தோடு ஒட்டித் தைத்தது. உங்கள் உயரத்துக்கு அதன் மேல்விளிம்பு பின்கழுத்தில் நிற்கும். பின்னால் ஒரு லாரி இடித்தால் தலை அதைத் தாண்டிப் பின்னுக்கு மடியும். வசதிக்காக இல்லாவிட்டாலும் பாதுகாப்புக்காக அதை உயர்த்த முடிய வேண்டும். உச்சந்தலை மட்டத்துக்கு வருகிறதா என்று பாருங்கள்.

உங்கள் மனைவி விஷயத்திலும் அந்த இடை வேரியன்ட்தான் சரி. 5 அடி உயரத்தில், உயர்த்த முடியாத சீட்டில் உட்கார்ந்தால் பானட் தெரியாது; தலையணை போட்டுக்கொள்வார். கிளட்ச் எட்டுவதற்காகச் சீட்டை முன்னே இழுப்பார், நெஞ்சு ஸ்டீயரிங்கை நெருங்கும். ஏர்பேக் வெடித்து விரிய இடம் வேண்டும். நெஞ்செலும்பிலிருந்து ஸ்டீயரிங் நடு வரை 25 செ.மீ.யாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் பரிந்துரை. சீட்டை உயர்த்தவும் ஸ்டீயரிங்கை உள்ளே தள்ளவும் முடிந்தால் இந்த இடைவெளி கிடைக்கும். அவரையும் கட்டாயம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தால் கணக்கில்லை.

ஆக்சஸரீஸ் கடைக்காரரின் யோசனைக்கு வருகிறேன். தடித்த ஃபோம் வைத்த கவர், சீட்டின் வடிவத்தையே மூடிவிடும். இருக்கிற கொஞ்ச இடுப்பு மேடும் அதனடியில் மறைந்துபோகும். உட்கார்ந்த நேரத்தில் புது மெத்தை மாதிரி இருக்கும், அந்த மலிவு ஃபோம் சீக்கிரமே அமுங்கிப் போகும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. இப்போது கீழ் வேரியன்ட்டிலேயே ஆறு ஏர்பேக் வருகிற கார்கள் நிறைய. முன்சீட்டுக்கான பக்கவாட்டு ஏர்பேக் சாய்மானத்தின் வெளிப்பக்க ஓரத்தில்தான் ஒளிந்திருக்கிறது. அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். அங்கே சின்னதாக ஏர்பேக் என்று எழுதிய துணிச் சீட்டு தைத்திருக்கும், விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேல் இறுக்கமான கவரைப் போட்டால் ஏர்பேக் சரியான நேரத்தில் சரியான திசையில் விரியாமல் போகலாம். கவர் போட்டே ஆக வேண்டுமென்றால் பக்க ஏர்பேக்குக்கு ஏற்றபடி அந்த ஓரத்தைத் திறந்துவிட்ட, அல்லது பிரியும் தையல் போட்ட கவரைக் கம்பெனி ஆக்சஸரீஸ் பட்டியலில் கேளுங்கள்.

குஷன் ஒர்க்ஸ் கடையில் ஃபோமையே மாற்றித் தருகிறேன் என்பார்கள். நல்ல கைவினைஞர்கள் இருக்கிறார்கள், பழைய காருக்கு நானே அனுப்புவேன். புதிய காரில் வேண்டாம். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பான் ஒன்று இருக்கும். அது ஏர்பேக்கின் வயர். தெரியாமல் அதைக் கழற்றிவிட்டு சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பிக்கும், சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். வாரன்ட்டி பற்றிய வாக்குவாதமும் அங்கேதான் தொடங்கும்.

சரி, துண்டும் உதவவில்லை, லிவரும் உதவவில்லை என்றால்? அப்போது இந்தக் கார் உங்கள் உடம்புக்கானது இல்லை. எந்த வேரியன்ட்டும் அதைச் சரி செய்யாது. "பழகிவிடும்" என்ற வார்த்தையை நம்பாதீர்கள். புது ஃபோம் கொஞ்சம் இளகும், உண்மை. குட்டைக் குஷன் நீளாது, கோணல் பெடல் நிமிராது. அதே பட்ஜெட்டில் நாற்காலி உயரத்துக்கு சீட் இருக்கும் சின்ன எஸ்.யு.வி. ஒன்றின் நடு வேரியன்ட்டைப் பாருங்கள். டிஸ்க் பிரச்சினை உள்ளவர்களுக்கு ஓட்டுவதைப் போலவே ஏறி இறங்குவதும் ஒரு வேலை. பள்ளத்தில் விழுவது மாதிரி உள்ளே போகாமல், நின்ற நிலையிலிருந்து பின்னால் உட்கார முடிந்தால் காலையும் மாலையும் இடுப்பு நன்றி சொல்லும். இன்னொன்று, கிளட்ச். வலி இடது காலுக்கும் இறங்குகிறது என்றால், டாப் மேனுவலுக்குக் கொடுக்கிற பணத்தில் நடு வேரியன்ட் ஆட்டோமேட்டிக் கிடைக்குமா என்று பாருங்கள். நான்குவழிச் சாலையில் கியர் மாற்றுவது குறைவுதான். பாளையங்கோட்டை, வண்ணாரப்பேட்டை நெரிசலில் மிச்சமாகும் ஒவ்வொரு மிதியும் லாபம்.

எதுவானாலும் முடிவெடுக்கும் முன் அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வேலைக்குப் போய்வாருங்கள். தானே ஓட்டும் வாடகைக் கார்களில் பெரும்பாலும் நடு வேரியன்ட்தான் கிடைக்கும், உங்களுக்கு அதுவே வசதி. ஆகும் செலவு அலாய் வீலின் ஓரத்துக்குக்கூட வராது. காலையில் போகும்போது எப்படி என்பதைவிட, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்பும்போது எப்படி என்பதைக் கவனியுங்கள். கோவில்பட்டியில் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு ஏறுவதும், நடுவில் ஒரு டீக்கடையில் நிறுத்தி இறங்குவதும் எந்தச் சீட்டாலும் செய்ய முடியாத வேலையைச் செய்யும்.

நான் டாக்டர் இல்லை. கால் மரத்துப் போவது, பாதத்தில் பலம் குறைவது, சிறுநீர் அல்லது மலம் அடக்குவதில் சிரமம், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைவது இவற்றில் ஏதாவது வந்தால் அது சீட் பிரச்சினை இல்லை. அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

புக்கிங் தொகை இன்னும் கட்டவில்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது. கட்டும்போது இடை வேரியன்ட்டின் பெயர், டயர் அளவு, ஸ்டீயரிங் வகை மூன்றையும் புக்கிங் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மாடல் வருடம் மாறும்போது வசதிகள் சத்தமில்லாமல் ஒரு வேரியன்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறுவது உண்டு. ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், வேரியன்ட் மாற்றினால் காத்திருப்பு வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்குமா என்பதையும் வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.